ஏட்டுச் சுரைக்காய்

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். நான் போனபோது வரிசையின் வால் அடுத்த தெருவில் கிடந்தது. வெறும் பையோடு திரும்பும் வழியில் சபதம் செய்தேன்: இனி தக்காளிக்காக யாரிடமும் கையேந்துவதில்லை. பாஞ்சாலி சபதம் நிறைவேறும்வரை கூந்தலை முடியவில்லை. எனக்கு அந்த வசதி தலையில் இல்லாததால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வரவு, செலவு என்று இரண்டு பத்தி போட்டேன். முப்பது வருஷம் கணக்கெழுதிப் பிழைத்தவன் விவசாயத்தை வேறெங்கே தொடங்குவான்?

மடிப்பாக்கத்தில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே பத்தடிக்குப் பத்தடி இடம் இருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“செடி வைங்க சார், தாராளமா. மண்ணு மட்டும் வேணாம்.”

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கணக்குப் போட்டேன். ஒரு கன அடி ஈரமண் 45 கிலோவுக்குக் குறையாது. பன்னிரண்டு பை என்றால் அரை டன்னுக்கு மேல். தன் வீட்டு மொட்டைமாடியில் யானைக்குட்டி கட்ட எந்த வீட்டுக்காரர்தான் சம்மதிப்பார்?

ஆகவே தென்னைநார்க் கழிவு. மணைப்பலகை மாதிரி அழுத்திய கட்டி, ஐந்து கிலோ. ராத்திரி குளியலறையில் பெரிய டப்பில் வைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்தேன். ஐந்து கிலோ கட்டி ஊறினால் அறுபது எழுபது லிட்டர் ஆகும் என்பது உறையிலேயே அச்சிட்டிருந்தது. உறையைத்தான் முதலில் தூக்கிப்போட்டிருந்தேன். காலையில் வாமனன் திரிவிக்கிரமனாகி நின்றான். கதவைத் திறந்த மனைவி கேட்டாள்: “ஏங்க, நான் எங்க கால வைக்கிறது?” மகாபலிக்காவது தலை இருந்தது. எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு குளியலறை.

நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை அலச வேண்டும் என்றார்கள். மாடியில் வைத்து அலசினேன். அலசிய தண்ணீர் நல்ல டிகாக்‌ஷன் நிறத்தில் தூம்பு வழியாக இறங்கி, அந்த மாதம்தான் வெள்ளையடித்த சுவரில் கோலம் போட்டது. கீழேயிருந்து குரல் வந்தது: “சார், மேல டீ கொட்டிடுச்சா?” செலவுப் பத்தியில் எழுதினேன்: சுவருக்குப் பெயிண்ட், 650.

ஆடிப்பட்டம் தேடி விதைத்தேன். தக்காளி, கத்தரி, வெண்டை. தொட்டிச் சுவரோரம் இரண்டு சுரை விதை. ஊட்டத்துக்கு மீன் அமிலம். மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு மூடி வைத்தால் மூன்று வாரத்தில் பழவாசனை வரும் என்றார்கள். எனக்குப் பூனைதான் வந்தது. முதல் நாள் ஒன்று, மறுநாள் குடும்பத்தோடு.

அக்டோபரில் முதல் தக்காளி சிவந்தது. அதற்குள் கடையில் விலை தரைக்கு வந்துவிட்டது. போகட்டும், சபதம் சபதம்தானே? நாளைக் காலை பறிக்கலாம் என்றிருந்தேன். காலையில் பார்த்தால் பாதிப் பழம் காம்பில் தொங்கியது. மீதிப் பாதியோடு அணில் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தது. சேதுவுக்கு மண் சுமந்த கூலி இன்னும் பாக்கியிருந்தது போலும், என்னிடம் வசூலித்துக்கொண்டது.

கீழே கேட்டருகே தொட்டியில் வைத்த செம்பருத்தி என் கண்ணில் பூத்ததே கிடையாது. காரணம், தெருவில் விடியற்காலை ஐந்து மணிக்கு நடைப்பயிற்சி போகும் ஒரு பெரியவர், ஒரு துரட்டி, ஒரு கேரிபேக். ஒருநாள் கையும் பூவுமாகப் பிடித்தேன். “சாமிக்குத்தான் சார்” என்றார். என் வீட்டுச் சாமி வெறுங்கழுத்தோடு நிற்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? நோட்டில் ‘தர்மம்’ என்று மூன்றாவது பத்தி போட்டு, அணிலையும் அவரையும் அதில் சேர்த்தேன்.

மிச்ச நம்பிக்கை சுரை மேல். கொடி பந்தல் ஏறிப் பூத்தது, ஒன்றும் காய்க்கவில்லை. விசாரித்தால், முதலில் வருவதெல்லாம் ஆண் பூவாம். மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துக்கு வந்து இரண்டு வாரம் கழித்துத்தான் பெண் வீட்டார் வந்தார்கள். பெண் பூவை அடையாளம் காண்பது சுலபம், அடியில் குட்டிச் சுரைக்காய் ஒன்று ஒட்டியிருக்கும். சுரை, சாயங்காலம் மலர்ந்து மறுநாளே வாடிவிடும் பூ. நடத்தி வைக்க வேண்டிய அந்துப்பூச்சிகள் எங்கள் மாடிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் நானே மெதுவாகத் தடவ வேண்டும்.

மாலை ஆறரை. வாயில் டார்ச், கையில் மாப்பிள்ளை. அந்த நேரம் பார்த்துத் தொட்டியில் தண்ணீர் பார்க்க வீட்டுக்காரர் ஏறி வந்தார்.

“என்ன சார் பண்றீங்க?”

டார்ச்சை எடுத்துவிட்டு, “கல்யாணம் சார்” என்றேன்.

அவர் தண்ணீர் பார்க்காமலே இறங்கிவிட்டார். மறுநாள் அவர் வீட்டம்மா என் மனைவியிடம், “சாருக்கு ராத்திரியில நல்லாத் தூக்கம் வருதில்ல?” என்று விசாரித்தாராம்.

ஆறு கல்யாணத்தில் நாலு நிலைக்கவில்லை. பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது. இரண்டு காய் நின்றன. பதினைந்தாம் நாள் ஒன்றைப் பறித்தேன். ஒரு கிலோ இருநூறு கிராம். நோட்டைக் கூட்டினேன்: செலவு 4,380 ரூபாய், வரவு, சுரைக்காய் ஒன்று. கடையில் அன்று முப்பது ரூபாய். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டில் ஏறிய சுரைக்காயை மனைவி வாங்கிப்போய்ப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தாள். வீட்டுக்காரருக்கு ஒரு கிண்ணம், செம்பருத்திப் பெரியவருக்கு ஒரு கிண்ணம் போனது. எங்களுக்கு ஆளுக்கு இரண்டு கரண்டி.

சாயங்காலம் பெரியவர் கிண்ணத்தைத் திருப்பித் தந்தார். “எந்தக் கடை சார்? இவ்வளவு இளசா எங்க கிடைக்குது?” கிண்ணத்தில் இரண்டு செம்பருத்தி இருந்தன. என் செடியுடையதுதான்.

இன்னொரு காயைக் கொடியிலேயே முற்றவிட்டேன். நூறு விதைக்கு மேல் தேறியிருக்கிறது. ஆடி வருகிறது. மடிப்பாக்கம் பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு போங்கள், காசு வேண்டாம். விதை மடிக்கக் காகிதமும் தயார்: நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழித்து வைத்திருக்கிறேன்.