ஊட்டிக்கு வர்றேன், ஸ்வெட்டர் இருக்கா?

மார்கழி பிறந்தால் போதும், மலைமேல் குடியிருக்கும் நண்பர்களின் பெயர்கள் எல்லோருக்கும் சட்டென்று ஞாபகம் வந்துவிடுகின்றன. இந்த வாரக் கேள்விகளில் முக்கால்வாசி நீலகிரியைப் பற்றித்தான். மிச்சம் கால்வாசி சினிமா. அது அடுத்த வாரம்.

கேள்வி: கல்லூரித் தோழன் ஊட்டியிலேயே வீடு கட்டிவிட்டான். 'குளிர்காலத்துல வாடா' என்கிறான். இப்போதே போகலாமா, மே மாதம் வரை பொறுக்கலாமா?
(விருதுநகர் வாசகர்)

மே மாதம் போனால் மலர்க் கண்காட்சியைப் பார்க்கலாம், முன்னால் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டை அதைவிட நிதானமாகப் பார்க்கலாம். நண்பனைப் பார்ப்பதுதான் கஷ்டம். அவர் வீட்டு ஹாலில் ஏற்கெனவே ஒன்றுவிட்ட சித்தப்பா குடும்பம் படுத்திருக்கும். குளிர்காலமே சரி. ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் வடகிழக்குப் பருவமழை இன்னும் மூட்டை கட்டியிருக்காது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரியும், மலை ரயிலை ரத்து செய்வார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம் மே மாதத்தின் தம்பி. பொங்கல் கூட்டம் இறங்கிய பிறகு, ஒரு செவ்வாய், புதன் பார்த்துக் கிளம்புங்கள். நண்பர் முழுசாகக் கிடைப்பார்.

கேள்வி: ஊட்டியில் பனிமழை பெய்யுமா? மணாலி மாதிரி ஒரு போட்டோ எடுக்க ஆசை.
(சேலம் வாசகி)

பெய்யாது. மேலேயிருந்து எதுவும் விழாது. தரையிலேயே பூக்கும். மேகமில்லாத இரவில் புல்லும் மண்ணும் பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகின்றன. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் இங்கெல்லாம் வெள்ளை விரிக்கிறது. மேட்டில் பங்களா கட்டியவர் வாசலில் வெறும் ஈரம்தான். பணத்தால் வாங்க முடியாத சில பொருள்களில் உறைபனியும் ஒன்று.

போட்டோவுக்குத் தேவை கோட்டு அல்ல, அலாரம். ஆறு, ஆறரைக்கு வெளியே நிற்க வேண்டும். வாசலில் நிற்கும் பைக்கின் சீட்டில் விரலால் உங்கள் பெயரை எழுதலாம். ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் பொடி முள்ளாகப் பனி நிற்கும். மிதித்தால் நொறுங்கும் சத்தம் செருப்பைத் தாண்டிக் கேட்கும். வெயில் ஒரு சாண் உயர்ந்ததும் எல்லாம் தண்ணீர். காபி குடித்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனவர்கள் தவறவிட்டார்கள்.

ஒரு வேண்டுகோள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் காதுபடக் கைதட்டிக் குதிக்காதீர்கள். உங்களுக்கு வெள்ளைக் கம்பளமாகத் தெரிவது அவருக்குக் கருகிப்போன தேயிலைக் கொழுந்து. இளஞ்செடிகளைக் காய்ந்த புல்லைப் போட்டு மூடி வைத்துவிட்டு, இரவு முழுக்கத் தூங்காமல் வானத்தைப் பார்த்திருப்பார். மேகம் வந்தால் அவருக்குக் கொண்டாட்டம், உங்களுக்கு ஏமாற்றம். இன்னொரு விசித்திரம், இதே குளிர் அளவோடு இருந்தால் கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் கூடும். நீலகிரியின் குளிர்காலத் தேயிலைக்குத் தனி மவுசு.

கேள்வி: நண்பனிடம் ஸ்வெட்டர் இருக்கிறதாம். நான் வெறுங்கையோடு போகலாம் அல்லவா?
(திருச்சி வாசகர்)

மயிலுக்கே போர்வை கொடுத்த பேகனும் மலைநாட்டுக்காரன்தான். ஆனால் அவன் பழனிமலைப் பக்கம். நீலகிரியில் அந்த வள்ளன்மையை எதிர்பார்க்காதீர்கள். உங்கள் நண்பரிடம் இருப்பது இரண்டு ஸ்வெட்டர். ஒன்றை அவர் போட்டிருப்பார். இன்னொன்று போன வாரம் துவைத்தது, இன்னும் காயவில்லை. தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது மேல். பகலில் இருபது டிகிரி வரை ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். குரங்குக் குல்லாவுக்கு வெட்கப்படாதீர்கள். அங்கே அது இல்லாதவரைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். உதட்டுக்கு வாசலின் வையுங்கள். மலை வெயில் குளிர்ச்சியாக இருந்துகொண்டே தோலைக் கறுக்க வைக்கும்.

கேள்வி: கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால் கதகதப்பாக இருக்குமாமே?
(மதுரை வாசகர்)

இந்தக் கேள்விக்கு மட்டும் கிண்டல் கிடையாது. செய்யாதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை, இருமல்கூட வராது. தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். கணப்பு வெளியே, பேச்சு முடியும் வரை. உள்ளே இரண்டு கம்பளி, ஒரு வெந்நீர்ப் பை. போதும்.

கேள்வி: மலை ரயிலா, பஸ்ஸா?
(கும்பகோணம் வாசகி)

உங்களுக்கும் நண்பருக்கும் சின்ன மனத்தாங்கல் இருந்தால் ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அதற்குள் கோபம் ஆறிவிடும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல்தண்டவாளம். பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏற்றம். இஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். 1899-இல் குன்னூர் வரை வந்த பாதை, ஊட்டியைத் தொட்டது 1908-இல். ஒன்பது வருஷம் குன்னூரில் மூச்சு வாங்கியிருக்கிறது. 208 வளைவு, 16 குகை, 250 பாலம் என்பார்கள். எண்ணிப் பார்க்க முயன்றவர்கள் ஜன்னலோரச் சீட்டை இழந்ததுதான் மிச்சம். 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததிலிருந்து டிக்கெட்டுக்கு முன்பதிவு செய்யாமல் போவது வீரம்.

பஸ் என்றால் முன் சீட்டு, அரை வயிறு, கையில் எலுமிச்சம்பழம். பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் செல்போனைப் பார்க்காமல் ரோட்டைப் பாருங்கள். பின்னால் உட்காருபவர்களும் உங்களை வாழ்த்துவார்கள்.

கேள்வி: நான் சுற்றுலாப் பயணி இல்லை, சிநேகிதனைப் பார்க்கப் போகிறேன். எனக்குமா இ-பாஸ்?
(ஈரோடு வாசகர்)

உங்கள் காருக்கு அது தெரியாதே. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸில் போனால் வேண்டாம். பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து உறையூருக்கு எந்தப் பாஸும் இல்லாமல்தான் வந்தார். நட்பு அவ்வளவு உறுதி என்றால் நீங்களும் நடந்து ஏறலாம், தடுக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு மட்டும் நடக்காதீர்கள், அதற்குத் தடை.

கேள்வி: நண்பர் வீட்டுக்கு என்ன வாங்கிப் போவது?
(நாகர்கோவில் வாசகி)

வர்க்கியும் சாக்லேட்டும் வேண்டாம், அவர் தெருமுனையிலிருந்து அவருக்கே கொடுப்பீர்கள். கேரட், உருளை, முட்டைக்கோஸும் வேண்டாம். ஊட்டி உயரத்தில் வளராத முருங்கைக்காய் ஒரு கட்டு, தேங்காய் நாலு, வாழையிலை ஒரு சுருள். சிப்ஸ் பாக்கெட் கொண்டுபோனால் பாதி மலையிலேயே பலூனாக உப்பிவிடும். மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய கால்வாசி குறைவு. பயப்படாதீர்கள், உள்ளே சிப்ஸ் கூடவில்லை.

கேள்வி: போன தடவை போனபோது பருப்பு வேகவே இல்லை. நண்பரின் மனைவிக்குச் சமைக்கத் தெரியாதோ?
(சென்னை வாசகர்)

இதை அங்கேயே கேட்காமல் எனக்கு எழுதினீர்களே, நண்பரின் குடும்பம் பிழைத்தது. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றுமூன்று டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. குக்கர் கேஸ்கட் கொஞ்சம் தேய்ந்திருந்தால் முடிந்தது கதை. அடுத்த முறை ஒரு புது கேஸ்கட் வாங்கிக்கொண்டு போங்கள். அப்புறம், அன்றைக்குப் பருப்பை வேகவைத்தது நண்பராக இருக்கலாம் என்று உங்களுக்கு ஏன் தோன்றவே இல்லை?

கேள்வி: படுகர் நண்பர் ஒருவர் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு அழைத்திருக்கிறார். எப்படி நடந்துகொள்வது?
(கோவை வாசகர்)

கொடுத்துவைத்தவர் நீங்கள். குளிர்காலத்தில் நடக்கும் பண்டிகை. கோத்தகிரி பக்கம் பேரகணியில் ஊர் ஊராக வெள்ளை உடுத்தி நடந்து வந்து கூடுவார்கள். வெள்ளை வேட்டி கட்டிப் போங்கள், செல்போனைப் பையில் வையுங்கள், ஆட்டத்துக்கு இழுத்தால் கால் தடுமாறினாலும் ஆடுங்கள். வீட்டில் அவரைக்குழம்பு இரண்டாம் தடவை போட வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: ஜனவரியில் போனால் குறிஞ்சிப்பூ பார்க்கலாமா?
(தஞ்சை வாசகி)

2018-இல் பூத்தது. அடுத்தது 2030. அதுவும் குளிர்காலத்தில் அல்ல. நண்பருடன் அதுவரை சண்டை போடாமல் இருங்கள்.

கேள்வி: நானும் பதிலுக்கு அவரைக் கூப்பிட வேண்டும். வேலூருக்கு எந்த மாதம் அழைப்பது மரியாதை?
(வேலூர் வாசகர்)

தை, மாசி என்று சொல்லத் தோன்றும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பயமுறுத்தவும் செய்வீர்கள். அவர் அதைக் கேட்டுச் சிரிப்பார். தைரியமாகக் கத்திரி வெயிலிலேயே கூப்பிடுங்கள். கட்டாயம் வருவார். மே மாதத்தில் அவர் வீட்டில் அவருக்குப் படுக்க இடம் இருக்காது.