இரும்புக்கை மாயாவியும் குற்றாலச் சாரலும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

படமும் கதையும் கூடிவாழும் கலையை ஆராயப் புகுவோர் குற்றாலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது இவ்வாய்வின் முதல் துணிபு. நடராசரின் ஐந்து சபைகளில் பொன் சிதம்பரத்துக்கும், வெள்ளி மதுரைக்கும், தாமிரம் நெல்லைக்கும், இரத்தினம் திருவாலங்காட்டுக்கும் போய்விட, குற்றாலத்துக்கு வாய்த்தது சித்திரம். இங்கே ஆடும் பெருமானே சுவரில் எழுதிய ஓவியமாகத்தான் இருக்கிறார். சுற்றிலும் மூலிகை வண்ணத்தில் புராணக் காட்சிகள். படக்கதை அமெரிக்காவில் பிறந்தது என்று சாதிப்போர் ஐந்தருவியில் ஒருமுறை தலையைக் காட்டித் தெளிந்துவிட்டு வந்து பேசுவது நலம்.

ஆய்வுக் களம், தென்காசியில் ஒரு மாடிவீட்டு இரும்பு அலமாரி. அதன் உரிமையாளரை இனி அலமாரிக்காரர் என்போம். முத்து, லயன், ராணி, இந்திரஜால் என நால்வகை காமிக்ஸும் அதில் குடியிருக்கின்றன. மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு மேல்தட்டும், காமிக்ஸுக்குக் கீழ்த்தட்டும் ஒதுக்கப்பட்டதாக ஏட்டளவில் உள்ளது. நடைமுறையில் எல்லைத் தகராறு நீடிக்கிறது.

இந்தப் புத்தகங்கள் இங்கே இவ்வளவு குவிந்ததற்குப் புவியியல் காரணம் உண்டு. செங்கோட்டையில் புறப்படும் பொதிகை எக்ஸ்பிரஸ் தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினால் சிவகாசி. பட்டாசுக்கும் காலண்டருக்கும் பேர்போன அந்த ஊரிலிருந்துதான் 1972 ஜனவரியில் மு.சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. அவர் மகன் எஸ்.விஜயன் 1984-இல் லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார்.

மாயாவியின் பூர்வீகம் லண்டன். 1962 அக்டோபரில் 'வாலியன்ட்' வார இதழின் முதல் இதழிலேயே அவர் தோன்றிவிட்டார். கென் புல்மர் எழுத, ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். எழுத்து பிறகு டாம் டல்லியின் கைக்குப் போனது. நாயகன் லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், அந்தக் கை மட்டும் மறையாது.

இங்கே ஓர் அறிவியல் சிக்கல். சட்டையும் பூட்ஸும் அவனோடு சேர்ந்து மறைகின்றன. இரும்புதான் மறையாது என்றால், இடுப்பு பெல்ட்டின் கொக்கி அந்தரத்தில் தொங்க வேண்டுமே? அலமாரிக்காரர் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு, மாயாவி பெல்ட் அணிவதில்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். 2012-இல் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் மாயாவி தென்காசியில் இருந்திருந்தால் எந்த பிளக்கில் விரலை விட்டும் பயனில்லாமல் பகலெல்லாம் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டு திரிந்திருப்பார் என்பது அவரது கிளை ஆய்வு.

வேடிக்கையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பிளாஸ்கோவின் சாதனை அந்தக் கைதான். கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குள் ஒரு கை தனியாக மிதக்கிறது. ஆள் எங்கே நிற்கிறான், குனிந்திருக்கிறானா, ஓடுகிறானா என்பதையெல்லாம் படிக்கிறவனே இட்டு நிரப்ப வேண்டும். இல்லாத உடம்பை வாசகனைக்கொண்டு வரைய வைத்த படக்கதை இது. சிவகாசியின் மலிவுத் தாளில் மை ஊறியபோதும் இந்த உத்தி கெடவில்லை. உடம்பே இல்லாதபோது ஊறுவதற்கு என்ன இருக்கிறது?

இனி மையக் கருதுகோள். மாயாவி கதைகளில் சுமார் இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை உயிருக்கு ஆபத்து வரும். சுவர் இடியும், தண்ணீர் ஏறும், துப்பாக்கி நீளும். அடுத்த பக்கத்தில் தப்பிப்பார். மீண்டும் இரண்டு பக்கம், மீண்டும் ஆபத்து. இந்தக் கதி ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தில் விழும் சாரலை அப்படியே ஒத்திருக்கிறது: சடசடவென்று ஒரு பெய்ச்சல், பளீரென்று வெயில், துண்டை உலர்த்தலாம் என்று நினைக்கும்போது மறுபடியும் பெய்ச்சல். ஆகவே பிளாஸ்கோ பேரருவிக்கரையில் சில காலம் தங்கியிருக்க வேண்டும் என்று அலமாரிக்காரர் வாதிடுகிறார்.

சான்று வேறுவிதமாகச் சொல்கிறது. 'வாலியன்ட்' இதழில் இத்தொடருக்கு வாரந்தோறும் கிடைத்த இடம் பெரும்பாலும் இரண்டே பக்கம். அந்தக் கடைசிக் கட்டத்தில் நாயகன் தொங்கிக்கொண்டிருந்தால்தான் சிறுவன் அடுத்த வாரமும் காசு கொடுப்பான். அப்படி மாதக்கணக்கில் துண்டு துண்டாக வந்ததைத் தமிழில் ஒரே புத்தகமாகச் சேர்த்தபோது, ஏழு நாள் பொறுத்திருந்து பெற வேண்டிய நிம்மதி தாளைப் புரட்டியதும் கிடைத்துவிட்டது. பிரிட்டிஷ் சிறுவனுக்குத் தவிப்பாக இருந்தது தென்காசிச் சிறுவனுக்கு வேகமானது. ஒரே கதைதான், கட்டுமானம் மாறாமலே சுவை மாறிவிட்டது. இவ்வாய்வில் உருப்படியான கண்டுபிடிப்பு இது ஒன்றே என்று மேற்பார்வையாளர் யாரும் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

அலமாரியின் இன்னொரு பெருந்தலை ஸ்பைடர். அமெரிக்கச் சிலந்திப் பையன் அல்ல. 1965-இல் லண்டனின் 'லயன்' வார இதழில் தோன்றிய, கூரிய காதும் குரூரச் சிரிப்பும் கொண்ட வேறு ஆசாமி. டெட் கோவன் தொடங்கிய இத்தொடரை, ரெக் பன் வரைய, பின்பு எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938-இல் வெளிவந்த சூப்பர்மேனை ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து படைத்த அதே சீகல்! அப்பழுக்கற்ற நல்லவனைப் படைத்த கைக்கு, உலகக் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாகத் துடித்த ஒருவன் வந்து சேர்ந்தான். சீகல் அவனை மெல்ல நீதியின் பக்கம் திருப்பினார். ஆனால் திமிரை மட்டும் எடுக்கவில்லை, அதுதான் நல்ல கதாசிரியனின் விவேகம்.

மாயாவியும் தொடக்கத்தில் கொள்ளைக்காரன்தான். அடாவடிக்காரன் காவல்காரனாக மாறுவது மேலைநாட்டு விமர்சகருக்குப் புதுமையாக இருக்கலாம். சுடலைமாடன் கதையை விடிய விடிய வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்த நெல்லைச் சீமைக்கு அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. சுடுகாட்டில் அட்டகாசம் செய்தவரை ஊர்க்காவலுக்கு நிறுத்திப் படையல் போட்ட மண் இது. ஸ்பைடருக்கு இன்னும் கொடை எடுக்கவில்லை, அவ்வளவே.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: சாரல் மாதங்களில் காற்றின் ஈரத்தில் ஸ்டேப்ளர் பின் துருவேறி நடுத்தாளைத் தின்னும். தாள் பழுக்கும். மிச்சத்தை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். வேப்பிலை, அந்துருண்டை எல்லாம் முயன்றாயிற்று. இவற்றைவிடக் கொடிய பகை, “அண்ணாச்சி, ஒரு வாரத்துல தந்துருதேன்” என்று வாங்கிப்போகும் நண்பர்கள்.

அழிவுக்கு மருந்து மறுபதிப்பு. இதில் அறிஞரிடையே இரு கட்சி உண்டு. பழைய பிரதியே பிரதி என்பது ஒன்று. கதை வாழ்ந்தால் போதும் என்பது மற்றது. இரண்டாம் கட்சிக்குத் தென்காசியிலேயே கல்வெட்டு ஆதாரம் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதைப் பழுதுபார்ப்போரின் பாதம் பணிவதாக எழுதிவைத்தான். சிதைந்து கிடந்த அக்கோயிலின் ராஜகோபுரம் மீண்டும் எழுந்து 1990-இல் குடமுழுக்கு கண்டது. முன்னின்று கட்டியவர் 'தினத்தந்தி' பா.சிவந்தி ஆதித்தன். அந்தக் குழுமத்தின் வெளியீடாக வந்ததுதான் ராணி காமிக்ஸ். கோபுரத்துக்கு மறுபதிப்பு தகும், மாயாவிக்குத் தகாதா? பிரிட்டன்கூட வழிக்கு வந்துவிட்டது. பழைய உரிமைகளை 2018-இல் வாங்கிய ரெபெல்லியன் நிறுவனம், 2021-இல் மாயாவியின் கதைகளைப் புத்தகமாக்கியது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சிவகாசி அவரை அச்சிட்டுக்கொண்டிருந்தது.

அலமாரிக்காரர் முதல் கட்சி. அவரிடமுள்ள மாயாவி பிரதி ஒன்றில் கடைசித் தாள் இல்லை. மறுபதிப்பைப் பார்ப்பது மூலத்துக்குச் செய்யும் துரோகம் என்பதால், முடிவை வாய்மொழி மரபிலிருந்து மீட்க முயன்றார். பாடபேதங்கள் மூன்று கிடைத்தன. வாய்க்கால் பாலத்துப் பாடத்தில் வில்லன் மின்சாரம் தாக்கிச் சாகிறான். டீக்கடைப் பாடத்தில் தப்பிவிடுகிறான். மூன்றாவது, பள்ளித் தோழர் ஒருவர் சொன்னது. கட்டம் கட்டமாக, வசனம் பிசகாமல், பக்கத்தின் அடியிலிருந்த அடுத்த இதழ் விளம்பரம் வரை அவர் ஒப்பித்ததைக் கேட்டு அலமாரிக்காரர் அசந்துபோனார். “எப்படிடே இவ்வளவு ஞாபகம்?” என்றார்.

“அந்தத் தாளு எங்கிட்டதானே இருக்கு,” என்றார் தோழர்.