புளியஞ்சோலைக்கு வழி கேட்ட தம்பிக்கு

வழி சொல்றேன் தம்பி. அதுக்கு முன்னால, போகவேண்டியது கொல்லிமலைக்கு மேலயா கீழயான்னு முடிவு பண்ணிக்கிட்டு வாங்க. படிச்ச ஆளுங்க பாதிப்பேரு அங்கதான் கவுந்து போறாங்க.

கொல்லிமலைன்னு போர்டைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிடறாங்க. நாமக்கல்லு, சேந்தமங்கலம், காரவள்ளி, அப்புறம் 70 கொண்டை ஊசி வளைவு. காலையில தின்ன இட்லியை வளைவுக்குக் கொஞ்சமா ரோட்டுக்கே திருப்பிக் கொடுத்துட்டு, செம்மேட்டுல இறங்கி "ஐயா, புளியஞ்சோலை எங்கே?"ம்பாங்க. மேல இருக்கிறவன் சிரிக்காம பள்ளத்தைக் காட்டுவான்.

அவன் சொல்றதும் பொய்யில்ல. அறப்பளீசுவரர் கோயில் பக்கத்துல ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கினா ஆகாய கங்கை, ஏறக்குறைய 300 அடியிலிருந்து கொட்டுது. அந்தத் தண்ணிதான் ஐயாறாகி, பாறை மேல பாறையா விழுந்து எங்க சோலைக்கு வருது. தண்ணிக்கு அது குறுக்கு வழி, உங்க காருக்கு இல்ல. மேல நாமக்கல் மாவட்டம், கீழ திருச்சி மாவட்டம். மேப்புல பார்த்தா கல்யாணப் போட்டோவுல சம்பந்திங்க நிக்கிற மாதிரி ஒட்டிக்கிட்டுத்தான் நிக்கும். போக்குவரத்து மட்டும் கிடையாது. ஏறிப்போக ஒத்தையடிப் பாதை இருக்கு. காட்டிலாகாவைக் கேட்டுக்குங்க, கூடவே உங்க முழங்காலையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

நேர் வழி இதுதான்: திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுல துறையூர் பஸ்ஸு. துறையூர்ல மாறி, உப்பிலியபுரம் வழியா ஏறத்தாழ 30 கிலோமீட்டர். என்ன தம்பி, ரயில் இல்லையான்னு மூஞ்சி சுருங்குது? உங்க கூட்டாளி வியட்நாமுல ஹோய் ஆன்னு ஏதோ கடலோர ஊருக்குப் போயிட்டு வந்தாராமே. அந்த ஊருக்கும் ரயிலும் கிடையாது, விமானமும் கிடையாது. டா நாங்குல இறங்கி, அதே 30 கிலோமீட்டர் ரோட்டுலதான் போகணும். அங்க போனா அது அனுபவம், துறையூர்ல இறங்கினா வசதி பத்தலையாக்கும்! 2023 நவம்பர்ல திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேர் விமானமே விட்டாங்க. அதுல ஏறத் தெரிஞ்ச புள்ளைக்கு உப்பிலியபுரம் பஸ் எங்க நிக்கும்னு தெரியல.

வந்து சேர்ந்தப்புறம் சுத்திப் பார்க்க ஆட்டோ தேடாதீங்க. கார் நிக்கிற இடம் வரைக்கும்தான் நீங்க முதலாளி, அதுக்கு மேல பாறைதான் முதலாளி. வழுக்குற பாறையில பளபளன்னு புது ஷூவைப் போட்டு வந்து, எங்க ஊருப் பொடிசுங்களுக்கு வேடிக்கை காட்டாதீங்க. கையில சிப்ஸ் பாக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டும் நடக்காதீங்க, குரங்குக்கு வரவேற்புப் பத்திரிகை வச்ச மாதிரி ஆயிடும்.

சித்திரை வெயில்ல வந்துட்டு "தண்ணி இல்லையே"ன்னு எங்கிட்ட முறைக்கிறவங்க வருஷா வருஷம் உண்டு. நான் என்ன மோட்டார் சுவிட்சா? ஐப்பசி, கார்த்திகை மழை பேஞ்சு ஓயட்டும், அப்புறம் வாங்க. அப்பவும் ஒண்ணு கவனிக்கணும். இங்க வெயில் அடிச்சுக்கிட்டிருக்கும், மேல மழை ஊத்தியிருக்கும். தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்குச்சுன்னா, எடுத்த செல்பி நல்லா வந்திருக்கான்னு பார்க்காம கரையேறுங்க. மடுவுக்கு ஆழமும் தெரியாது, உங்க நீச்சல் கிளாஸ் சர்ட்டிபிகேட்டைப் படிக்கவும் தெரியாது. வேற தண்ணியைப் போட்டுட்டு இந்தத் தண்ணியில இறங்கின வீரனுங்களை நாலு பேரு தூக்கிட்டுப் போனதைப் பார்த்தவன் நான். இதுல மட்டும் நான் நையாண்டி பண்ணல.

ஆடி பதினெட்டுக்கு வர்றேங்கறீங்களா? தாராளமா வாங்க. மேல அறப்பளீசுவரர் கோயில்ல கூட்டம், வல்வில் ஓரி விழா வேற. கீழ குளிக்க வந்த கூட்டம். தண்ணியைவிடத் தலைதான் அதிகமாத் தெரியும்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கடைசி வண்டி எப்பன்னு கண்டக்டர்கிட்ட கேட்டு வச்சுக்குங்க. விட்டுட்டீங்கன்னாலும் பரவாயில்ல, என் திண்ணை இருக்கு. வாடகை வேண்டாம், கொசுவும் இலவசந்தான்.