நீலக்கோழியின் ஜாதகப் பொருத்தம்

1886இல் இங்கிலாந்தின் ஆர்பிங்டன் ஊரில் வில்லியம் குக் ஒரு கறுப்புக் கோழியினத்தை உருவாக்கினார். முட்டையும் உண்டு, கறியும் உண்டு. லண்டன் புகைக்கரி படிந்தாலும் வெளியே தெரியாது. அதோடு விட்டிருக்கலாம். கண்காட்சிக்காரர்கள் வந்தார்கள். உடம்பு உருண்டு திரள வேண்டும், இறகு புசுபுசுவென்று பொங்க வேண்டும் என்றார்கள். முட்டை குறைந்தது, கோப்பை கூடியது. சேவல் தன் கடமையைச் செய்யவே இப்போது பல பண்ணைகளில் பின்புற இறகைக் கத்தரித்துவிட வேண்டியிருக்கிறது.

இந்த இனத்தில் நீலநிறக் கோழிகள் மீதான பித்து தனி ரகம். நீலத்துக்கு நீலத்தைக் கட்டிவைத்தால் குஞ்சுகளில் சராசரியாகப் பாதிதான் நீலம். கால்வாசி கறுப்பு, கால்வாசி மை தெளித்த வெளிர்நிறம். எல்லாமே நீலமாக வேண்டுமா? கறுப்பையும் மைத்தெளிப்பையும் சேருங்கள். பெற்றோர் இருவருமே நீலமில்லை. பரிசு மட்டும் பிள்ளைக்கு.