ஒரு சென்ரிமீற்றர் முன்னுக்கு

சுவிற்சர்லாந்தில் வாழும் தமிழ்க் குடும்பஸ்தனுக்குப் பெப்ரவரி நெருங்கினால் தப்ப வழியில்லை. பள்ளிக்கூடம் விளையாட்டு விடுமுறை விடும். பிள்ளைகள் எங்களை மலைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். என் மகள் பள்ளி முகாமில் ஸ்கீ பழகியவள். மனைவி மகளிடம் பழகியவள். நான் புத்தகத்தில் பழகியவன். ஆகவே எங்கள் வீட்டில் ஸ்கீயைப் பற்றி அதிகம் தெரிந்தவன் நான்தான். மலையிலிருந்து கடைசியாக இறங்கி வருபவனும் நான்தான்.

நான் கற்றதில் தலையாயது இது: சப்பாத்து ஸ்கீயின்மேல் எந்த இடத்தில் பூட்டப்படுகிறது என்பதை வைத்தே ஸ்கீயின் குணம் மாறும். சப்பாத்தின் பக்கவாட்டில், அடிப்பாகத்தின் நடுவைக் காட்ட ஒரு சின்னக் கோடு உண்டு. ஸ்கீயின் முதுகிலும் ஒரு கோடு உண்டு. இரண்டும் நேருக்கு நேர் வரவேண்டும். ஸ்கீயில் உள்ள கோடு அதன் சரிபாதியில் இருக்குமென்று நினைக்காதீர்கள். மட்டம் செய்த பனியில் ஓடும் சாதாரண ஸ்கீயில் அது நடுவிலிருந்து ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் பின்னால் இருக்கும். திருப்பத்தைத் தொடங்குவது அகன்ற முன்பகுதி. அதற்கு நீளம் வேண்டும். குட்டிக்கரணம் அடிக்கும் பையன்களின் ஸ்கீயில் மட்டும் கோடு நடுவுக்குக் கிட்ட வந்துவிடும், அவர்கள் முதுகுப்பக்கமாகவும் ஓடுவார்கள் என்பதால். நானும் ஓடியிருக்கிறேன், விரும்பி அல்ல.

யாழ்ப்பாணத்தில் துலா மிதித்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. அச்சுக்கு இங்கால் காலெடுத்து வைத்தால் ஒரு முனை தாழும், அங்கால் வைத்தால் மறுமுனை. என் பெரியப்பா வெறுங்காலோடு துலாவில் முன்னும் பின்னும் நடந்தவர், ஒருநாளும் விழவில்லையாம். பரம்பரைக் குணம் முழுவதும் விமானம் ஏறி வருவதில்லை.

வாடகை ஸ்கீயில், சப்பாத்தைப் பூட்டும் பைண்டிங் ஒரு தண்டவாளத்தில் நகரும். நகர்த்தலாம் என்று தெரிந்த பிறகு நான் சும்மா இருப்பேனா? முதலில் ஒரு சென்ரிமீற்றர் முன்னுக்குத் தள்ளச் சொன்னேன். முன்னுக்குப் போனால் பாரம் முனையில் சீக்கிரம் விழும். ஸ்கீ சட்டென்று திரும்பும். திரும்பியது, நான் முடிவெடுப்பதற்கு முன்பே. வேகம் கூடினால் முனை பதறும். புதுப்பனியில் என்றால் மூக்கைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். அடுத்ததாகப் பின்னுக்குத் தள்ளச் சொன்னேன். இப்போது புதுப்பனியில் முனை மிதக்கும், நேரோட்டம் உறுதியாக இருக்கும், ஆனால் திருப்பத்துக்குள் நுழைய ஸ்கீக்கு மனமே வராது. அந்த உறுதியோடு உணவகத்தின் செம்மஞ்சள் வலைவரை நேராகப் போய்ச் சேர்ந்தேன்.

கடையில் நிரப்பும் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறை, உயரம், வயது, சப்பாத்தின் அடிநீளம், நீங்கள் எந்த வகை ஓட்டக்காரர் என்று அதில் கேட்பார்கள். விழும்போது எவ்வளவு விசையில் பைண்டிங் காலை விடுவிக்க வேண்டும் என்பதை ஐஎஸ்ஓ 11088 என்ற தரநியமத்தின் அட்டவணை இவற்றை வைத்தே தீர்மானிக்கிறது. நிறையைக் குறைத்து எழுதினால் ஸ்கீ கண்ட இடத்தில் கழன்றுவிடும். எனவே மனைவி எட்டிப் பார்த்து நான் எழுதியதைத் திருத்தினாள். அப்போதுதான் ஐஎஸ்ஓவின் கருணை தெரிந்தது. நிறை ஒரு வரியையும் உயரம் இன்னொரு வரியையும் காட்டினால், இரண்டில் மென்மையான வரியைத்தான் எடுப்பார்கள். கட்டையான ஆளின் தொந்தி கணக்கில் வராது! 50 வயதானால் இன்னும் ஒரு படி இறக்கம். வகை 1, 2, 3 என்பதில் 1 அவதானமாக ஓடுபவர்களுக்கு. என்னிடம் கேட்காமலே கடைப் பையன் 1 போட்டான்.

ஜீனி தோரன் என்ற அமெரிக்கப் பெண்மணி, பெண்களின் உடல் அமைப்பு வேறு, அவர்களுக்குப் பைண்டிங்கைக் கொஞ்சம் முன்னுக்குப் பூட்ட வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடியவர். இதை நான் மேசையில் விளக்கிக்கொண்டிருக்க, மனைவி பாதியில் எழுந்துபோய்த் தன்னுடையதை நகர்த்துவித்துக்கொண்டு மலையேறிவிட்டாள். அதன்பிறகு அவளை நான் முதுகுப்பக்கமாகத்தான் பார்க்கிறேன்.

எனக்கோ அடுத்த சந்தேகம் குதிக்காலில். பைண்டிங்கில் குதிக்கால் விரல்பக்கத்தைவிடச் சில மில்லிமீற்றர் உயர்ந்திருக்கும். உயர்த்தினால் ஆள் முன்னுக்குச் சாய்வான் என்று தோன்றும் அல்லவா? அளவு மிஞ்சினால் முழங்கால் மடிந்து, சமநிலைக்காகப் பின்புறம் தானாகவே பின்னுக்குப் போகும். பருத்த கெண்டைக்காலும் சப்பாத்துக்குள் இதே சதியைச் செய்யும். சப்பாத்து மரக்கட்டைபோல விறைப்பாக இருந்தால் கணுக்கால் மடியாது, கணைக்கால் எலும்பு அதன் நாக்கில் அழுந்தாது, அப்போதும் ஆள் கதிரையில் இருப்பதுபோலத்தான் இருப்பான். இத்தனை காரணங்கள் கைவசம் இருக்கும்போது, நான் பின்னுக்குச் சாய்வதற்குப் பயம்தான் காரணம் என்று மகள் சொல்வது விஞ்ஞானத்துக்கு அவமரியாதை.

ஆனாலும் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. தண்டவாளத்தில் நான் பேரம்பேசியது ஒரு சென்ரிமீற்றருக்கு. சரிவைக் கண்டதும் என் இடுப்பு பின்வாங்கும் தூரம் ஒரு சாண்.

மூன்றாவது முறை கடைக்குப் போனபோது பையன் என் சப்பாத்தைத் தொடுமுன்பே பெருமூச்சு விட்டான். அரை சென்ரிமீற்றர் போதும் என்று தொடங்கினேன்.

“இஞ்சருங்கோ, பைண்டிங்கை விடுங்கோ. ஆளை முன்னுக்குத் தள்ளச் சொல்லுங்கோ” என்றாள் மனைவி.

மகள் அதை ஒரு சொல்லும் குறையாமல் பேர்ண் ஜெர்மனில் அவனுக்குச் சொல்லிவிட்டாள். அவன் சிரிக்கவில்லை, அதுதான் கூடுதலாக வலித்தது. குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தான். வசதிக்காக நான் தளர்த்தி வைத்திருந்த மேல் பக்கிள் இரண்டையும் இறுக்கி, அதற்கும் மேலே உள்ள பட்டியை ஒரு கால் என் முழங்காலில் ஊன்றாத குறையாக இழுத்துக் கட்டினான். இனிமேல் நான் பின்னுக்குச் சாய வேண்டுமென்றால் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சாய வேண்டும்.