அனுபவ பாத்தியம்

வா மருமவனே, இப்படித் திண்ணையில குந்து. பேண்ட்டு கசங்காது, பயப்படாத. மூஞ்சி ஏன் ஏரி வத்துன மாதிரி கீது? ஓ, மே மாசம் இப்பத்தான் முடிஞ்சிது இல்ல? கௌரவ விரிவுரையாளருக்கு வருஷத்துல 11 மாசம்தான் கௌரவம். மிச்ச ஒரு மாசம் மாமன் வூட்டு மோரு. குடி.

எங்க, உன் ஆர்டரைக் காட்டு. 40 வருஷம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதினவன் நான். சேலையூரு, செம்பாக்கம், மாடம்பாக்கம்னு கழனியா கெடந்ததெல்லாம் மனையா மாறினதுல என் பேனாவுக்கும் பங்கு உண்டு, அந்தப் பாவத்தை விடு. வில்லங்கம் எந்த வரியில படுத்துக்கினு கீதுன்னு மோந்து பாத்தே சொல்லுவேன். இதோ. ‘முற்றிலும் தற்காலிகமானது.’ கீழ, ‘பணி நிரந்தரம் கோரமாட்டேன்’னு உன் கையெழுத்து. கைநாட்டு வெக்கிறவன்கூட ஒரு வாட்டி படிச்சிக் காட்டுய்யான்னு கேப்பான். டாக்டர் பட்டம் வாங்கின நீ கேக்கல.

சம்பளம் 25,000. யூஜிசி 2019லயே ஒரு வகுப்புக்கு 1,500, மாசத்துக்கு 50,000 வரைக்கும் குடுக்கலாம்னு சொல்லிட்டான். 2024ல ஐகோர்ட்டும் 50,000 குடுன்னு தீர்ப்பு சொல்லிச்சி. அன்னிக்கி லட்டு வாங்கிக்கினு ஓடியாந்தியே, ஞாபகம் கீதா? லட்டு அன்னிக்கே செரிச்சிப்போச்சி. தீர்ப்புதான் இந்த 2025லயும் செரிக்கல.

நம்ம ஏரிக்கரையில ஒருத்தன் கொட்டா போட்டானே, அவனைப் பாரு. மொத வருஷம் கீத்து. மறுவருஷம் ஓடு. அப்புறம் ஈபி கனெக்‌ஷன், வரி ரசீது. இன்னிக்கி மூணு மாடி, கீழ பிரியாணிக் கடை. அடுத்தவன் நிலத்துல 12 வருஷம் தட்டிக்கேக்க ஆளில்லாம பகிரங்கமா குந்திக்கினு இருந்தா பாத்தியம் கேக்கலாம். சர்க்கார் நிலம்னா 30 வருஷம். ஏரியில அது செல்லுமா செல்லாதான்றது வேற கதை, பிரியாணி செல்லுது.

நீ 14 வருஷமா ஒரே வகுப்புல நிக்கிற. எவனும் எறங்குன்னு சொல்லல. பகிரங்கமாத்தான் நிக்கிற, 60 புள்ளைங்க சாட்சி. அப்புறம் ஏன் பாத்தியம் வரல? அனுபவம் அறுபடாம இருக்கணும்டா. ஏப்ரல்ல வூட்டுக்கு அனுப்பி ஜூன்ல கூப்பிட்டா அறுந்துபோச்சி இல்ல? ஒரு மாசச் சம்பளத்தை மிச்சம் புடிக்கத்தான் அனுப்புறான்னு நெனச்சிக்கினு கீற. அது கத்திரி வெயில் இல்லடா, கத்திரிக்கோல்.

சங்கம் வெச்சிக்கீறோம் மாமான்ற. வெச்சிக்கோ, நல்லதுதான். ஏ.யூ.டி., மூட்டான்னு உனக்கு முன்னாடி சங்கம் வெச்சிப் போராடினவங்க உண்டு. 1976ல தனியார் கல்லூரிச் சட்டம் வந்தப்புறம் வாத்தியாரை வேலையை வுட்டுத் தூக்கணும்னா மேல அனுமதி கேக்க வேண்டியதாச்சி. ஆனா உனக்கு ஒரே வேலை, வாட்ஸ்அப்ல மட்டும் நாலு குரூப்பு. அதுல ரெண்டு பேரு தலைவரு, மத்தவங்க எல்லாம் அட்மின்.

லேபர் கோர்ட்டுக்குப் போலாமான்னு கேக்குற. அங்க ஒரு தமாஷு கீது. 1978ல பெங்களூரு குடிநீர் வாரிய வழக்குல கிருஷ்ணய்யர், பள்ளிக்கூடம் காலேஜுகூட தொழில்தான்னுட்டாரு. அந்த நம்பிக்கையில கோவாவுல வேலை போன சுந்தராம்பாள் டீச்சரம்மா சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சி. 1988ல தீர்ப்பு. பள்ளிக்கூடம் தொழில்தாம்மா, ஆனா நீ தொழிலாளி இல்ல, நீ செய்யிறது உன்னதமான பணின்னுட்டாங்க. மணி அடிக்கிறவன் தொழிலாளி. மணி அடிச்சதும் உள்ள போறவன் இல்ல. உன்னதம்னு எவனாவது சொன்னா மொதல்ல பாக்கெட்டைத் தொட்டுப் பாத்துக்கோ.

டீஆர்பி பரீட்சையா? 2019ல 2,331 இடம்னான். 2024ல 4,000 இடம்னான். ரெண்டுக்கும் பணம் கட்டின. உன் தலையில முடி கொட்டுன கணக்குதான் சரியா நடந்துது.

நான் சொல்றதைக் கேளு. அடுத்த மே மாசம் வகுப்பை வுட்டு எறங்காத. உள்ளயே நாலு கீத்தைச் சாத்து. உன் பேருல ஒரு ஈபி கார்டு வாங்கு. மூலையில ஒரு புள்ளையாரை வை, அவரை எவனும் தற்காலிகம்னு சொல்ல மாட்டான்.

சிரிக்கிற. சிரி. மனு எழுதிக் குடுன்னு கேட்டியே, எழுதிட்டேன். எனக்குத் தெரிஞ்ச நடையிலதான் வரும், கேட்டுக்கோ. ‘சொத்து விவரம்: கிழக்கே பூட்டியே கிடக்கும் ஆய்வுக்கூடம். மேற்கே துறைத்தலைவர் அறை. வடக்கே தண்ணீர் வராத குழாய். தெற்கே மாணவர்கள் ஏறிக் குதிக்கும் மதில். இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட கரும்பலகை ஒன்று, மின்விசிறி இரண்டு, அதில் சுற்றுவது ஒன்று, 14 வருட காலமாக நின்றுகொண்டே இருக்கும் விரிவுரையாளர் ஒருவர்.’

கீழ சாட்சி கையெழுத்துக்கு எடம் வுட்டுக்கீறேன். உங்க தலைவருங்க யாரும் வேணாம். அந்த மணி அடிக்கிறவரைக் கூட்டிக்கினு வா.