மாடியில் ஒரு லட்சுமி

திருவண்ணாமலைக்காரன் என்று சொன்னால் வெளியூரில் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். உள்ளூரில், "மாடி போர்ஷன் காலியா இருக்கா சார்?" என்று கேட்கிறார்கள். இரண்டாவதற்குத்தான் நான் தகுதியானவன்.

யோசித்துப் பார்த்தால் இந்த ஊரின் புகழ் பாதிக்கு மேல் வெளியூர்ச் சரக்கு. ரமணர் திருச்சுழிக்காரர். 1896-இல் மதுரையிலிருந்து வீட்டில் சொல்லாமல் ரயிலேறி, வழியில் காசு தீர்ந்து, காதுக் கடுக்கனை அடகு வைத்து வந்து சேர்ந்தவர். சேஷாத்திரி சுவாமிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர். யோகி ராம்சுரத்குமார் பிறந்தது கங்கைக் கரையில். உள்ளூர்க்காரர் என்று அருணகிரிநாதர் ஒருவரைச் சொல்லிக்கொள்ளலாம். அவரும் கடைசியில் கிளியாகிப் பறந்துவிட்டார். கோயிலில் கிளி கோபுரமே அதற்குச் சாட்சி. ஆக, நிரந்தரவாசி அண்ணாமலையார் மட்டும்தான். இந்த ஊரில் பிறந்த மற்றவர்களாகிய நாங்கள் வந்தவர்களுக்கு இடம் விட்டிருக்கிறோம். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு.

வெள்ளைக்காரர்கள் வரத்து பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் ரமணரைப் பற்றி 1934-இல் எழுதிய புத்தகத்தோடு சூடு பிடித்தது என்பார்கள். அடுத்த ஆண்டே மேஜர் சாட்விக் என்ற ஆங்கிலேயப் பட்டாளக்காரர் வந்தார். ரமணாசிரமத்துக்குள்ளேயே தனக்கென்று ஓர் அறை கட்டிக்கொண்டார். நல்லவேளை, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. செய்திருந்தால் செங்கம் ரோட்டைச் சுற்றி மாடி எடுத்துக் கட்டிய நாங்களெல்லாம் எங்கே போவது?

கார்த்திகை தீபத்தை ஒட்டி வருவார்கள். மகாசிவராத்திரி முடிந்ததும் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டுவார்கள். பஞ்சபூதத் தலங்களில் இது நெருப்பு என்று படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த நெருப்பு நேரிலேயே தரிசனம் தரும் மே மாதத்தில் ஒருத்தரும் நிற்பதில்லை.

எங்கள் மாடிக்கு வந்த ஜெர்மன் அம்மாளும் நவம்பரில்தான் வந்தார். வெளிநாட்டவருக்கு வீடு கொடுத்தால் வந்த 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவத்தை ஆன்லைனில் நிரப்பி அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கிளம்பி வந்த ஊர், போகப்போகும் ஊர், விசா நம்பர் எல்லாம் கேட்கும். எனக்கு அது பிடித்த வேலை. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பிறகு ஒருவரை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் பாக்கியம் அதில்தான் கிடைக்கிறது. வீட்டில் நான் கேட்டால் பதில் வருவதில்லை.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் இருந்தது. ரிஷிகேசத்தில் யாரோ வைத்த சமஸ்கிருதப் பெயர் இன்னொன்று. இரண்டுமே என் மனைவியின் வாயில் நுழையவில்லை. "லட்சுமின்னு கூப்பிடறேம்மா" என்றாள். அந்த அம்மாள் கண் கலங்கிவிட்டார். ஆசிரமத்தில் ரமணரின் பசு லட்சுமிக்குச் சமாதி இருக்கிறது. 1948-இல் அது இறந்தபோது பகவானே பக்கத்தில் இருந்தார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தப் பெயர் தனக்குக் கிடைத்தது பூர்வ ஜன்மப் பலன் என்றார். என் மனைவிக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. "நான் வாடகையை நினைச்சில்ல வெச்சேன்" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

பதிலுக்கு லட்சுமி எங்களுக்கு முறை வைத்தார். என் மனைவி அக்கா; நான் அங்கிள். லட்சுமிக்கு வயது 52 என்று படிவத்தில் என் கையால் டைப் அடித்திருக்கிறேன். எனக்கும் என் மனைவிக்கும் ஐந்து வருஷ வித்தியாசம். ஒரே நாளில் அதை ஒரு தலைமுறையாக நீட்டிவிட்டார். திருத்தச் சொன்னேன். "சொல்லிட்டுப் போகட்டுமே, பாவம்" என்றாள் அக்கா.

முதல் மாதம் உடைப் பிரச்சினை. தேரடி வீதிக் கடையில் அழகழகாகப் பாவாடை வாங்கி வந்தேன் என்று காட்டினார்: குங்குமச் சிவப்பு, கிளிப்பச்சை, நாடாவோடு. அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கும் கிளம்பிவிட்டார். என் மனைவி கேட்டருகே மறித்தாள். "இது உள்ள கட்டறதும்மா."

"எதுக்கு உள்ள, அக்கா?"

"புடவைக்கு உள்ள."

லட்சுமி குனிந்து பார்த்தார். "இவ்வளவு அழகா இருக்கிறதை ஏன் ஒளிக்கிறீங்க?"

என் மனைவியிடம் பதில் இல்லை. நாற்பது வருஷமாகப் புடவை கட்டுபவளை யாரும் இதைக் கேட்டதில்லை.

'சாப்டாச்சா' அடுத்தது. நாம் அதை வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்கிறோம் என்பது லட்சுமிக்குத் தெரியாது. தெருமுனை ஆட்டோக்காரர் கேட்டால்கூட நின்று, காலையில் ஓட்ஸ், அரை மாதுளை, ஊறவைத்த பாதாம் ஏழு என்று கணக்கு ஒப்பிப்பார். கொஞ்ச நாளில் ஆட்டோ ஸ்டாண்டு முழுவதற்கும் அவர் மெனு தெரிந்திருந்தது. பாதாமை ஏன் ஊறவைக்க வேண்டும் என்று என்னிடம் ஒருவர் கேட்டார்.

மாடிக் குழாய் ஒழுகியபோது பிளம்பரைக் கூப்பிட்டோம். "நாளைக்குக் காலைல வந்துடறேன் மேடம்" என்றார். லட்சுமி மறுநாள் ஐந்தரைக்கே குளித்துக் காத்திருந்தார். பிளம்பர் வந்தது ஒன்பதாம் நாள். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "அதான் வந்துட்டேனே" என்றார். லட்சுமி அசந்துபோனார். இந்தக் கணத்தில் வாழ்வது எப்படி என்று கற்க ஐரோப்பாவில் மூன்று முகாம்களுக்குப் போனவர் அவர். நேற்றும் நாளையும் அற்ற ஒரு மனிதரை அன்றுதான் நேரில் பார்த்தாராம். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

ஜனவரியில் மௌனம் ஆரம்பமானது. நாற்பது நாள். 'மௌனம்' என்று தமிழில் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நான் வாடகை உயர்வைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்திருந்த வாரம் அது. எதிராளி வாயே திறக்காதபோது பேரம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நான் ஒரு தொகை சொன்னேன். புன்னகைத்தார். நானே குறைத்தேன். இன்னும் புன்னகைத்தார். பழைய வாடகைக்கே வந்து நின்றேன். ரமணர் மௌனத்தாலேயே உபதேசித்தார் என்கிறார்கள். எனக்கு அன்று உபதேசம் ஆயிற்று.

ஆனால் என் மனைவிக்கு அந்த நாட்கள் பொற்காலம். மாடிப்படியில் உட்கார்ந்து, நாத்தனார் வளையல் விவகாரம், சீட்டுப் பணம் போனது, என்னைப் பற்றிய மொத்தக் குற்றப்பத்திரிகை எல்லாவற்றையும் தமிழில் சொல்வாள். குறுக்கே பேசாமல் கேட்க ஓர் ஆள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்படி யாரும் கேட்டதில்லீங்க" என்றாள்.

இருபத்துமூன்றாம் நாள் மௌனம் கலைந்தது. காரணம் அவளேதான். துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனவள் போட்ட சத்தத்தில் நான் ஓடினேன். லட்சுமி ஊதா நிற யோகா பாயில் மல்லாந்து கிடக்கிறார். கை கால் பரப்பி, வாய் லேசாகத் திறந்து, அசைவே இல்லை. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது 'சி' படிவம். இதற்கு அதில் எந்தக் கட்டத்தை நிரப்புவது? அதற்குள் என் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்துவிட்டாள்.

"ஐயோ!" என்று எழுந்து உட்கார்ந்தார் லட்சுமி. சுத்தமான தமிழில்.

அவர் செய்துகொண்டிருந்தது சவாசனம். சவம் போல் கிடக்க வேண்டும் என்பதுதான் அதன் விதி. அதைப் பிசகில்லாமல் செய்தது ஒன்றே அவர் செய்த தப்பு.

1938-இல் சாமர்செட் மாம் என்ற ஆங்கில எழுத்தாளர் ரமணாசிரமத்துக்கு வந்து, மகரிஷியைப் பார்ப்பதற்கு முன்பே மயங்கி விழுந்தார். பிற்பாடு அது சமாதி நிலை என்று ஊரெல்லாம் பரவியது. தனக்கு அதற்கு முன்பும் மயக்கம் வந்ததுண்டு என்று மனிதர் எழுதிப் பார்த்தும் பிரயோஜனமில்லை. அன்று மயக்கத்தைச் சமாதி என்றார்கள். எங்கள் வீட்டில் சமாதியை மயக்கம் என்று தண்ணீர் தெளித்தோம். இதைச் சொன்னதும் லட்சுமி அரைமணி நேரம் சிரித்தார். பாக்கிப் பதினேழு நாளுக்கு அட்டையை மாட்டவேயில்லை. பேச ஆரம்பித்ததும் முதல் வேலையாக, நாத்தனார் கடைசியில் வளையலைத் திருப்பிக் கொடுத்தாளா என்று என் மனைவியிடம் கேட்டார். அவ்வளவு தமிழ் அவருக்குப் புரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. குற்றப்பத்திரிகையும் புரிந்திருக்க வேண்டும்.

கிரிவலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் லட்சுமிக்கு அநியாயம். வாரம் மூன்று நாள், விடியற்காலை நாலு மணிக்கு, வெறுங்காலில் 14 கிலோமீட்டர் போவார். நான் பௌர்ணமியன்று கேட்டைப் பூட்டிக்கொண்டு, வாசலில் வண்டி நிறுத்துபவர்களோடு சண்டை போடுகிறவன். கோயம்புத்தூரிலிருந்து மச்சினர் குடும்பம் வந்தபோது வழிகாட்டியாகக் கிளம்பினேன். லட்சுமியும் கூட வந்தார். எமலிங்கம் தாண்டியதும், "அடுத்தது வருண லிங்கம்" என்றேன் கம்பீரமாக.

"நிருதி, அங்கிள்" என்று பின்னாலிருந்து மெல்லிய குரல்.

மச்சினர் என்னைப் பார்த்தார். "மாமா, உங்க வீட்ல வாடகைக்கு இருக்கிறது யாரு?"

அடி அண்ணாமலை வந்தபோது எனக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. சுக்குக் காபிக் கடையில் உட்கார்ந்தேன், அங்கிருந்து ஆட்டோ. ஓட்டியவர் எங்கள் ஸ்டாண்டுக்காரர்தான். "மேடம் நடந்து வராங்களா?" என்று கேட்டதோடு விட்டிருக்கலாம். வழியெல்லாம் பாதாமை ஊறவைத்துச் சாப்பிடச் சொன்னார்.

மார்ச்சில் லட்சுமி கிளம்பினார். ஓட்ஸ் டப்பாவையும் ஊதா நிறப் பாயையும் வைத்துவிட்டுப் போனார். ஓட்ஸ் குரங்குக்குப் போயிற்று. முகர்ந்து பார்த்துவிட்டு என்னையே முறைத்தது. ஏப்ரல் வெயிலில் மாடிக்குப் போனால் பாய் விரிந்திருக்கிறது. அதன் மேல் வரிசை வரிசையாக ஜவ்வரிசி வடாம், மல்லாந்து, அசைவில்லாமல்.

"வேட்டியில போட்டா ஒட்டிக்கும், பின்னால தண்ணி தெளிச்சு உரிக்கணும். இது அப்படியே கழண்டு வருதுங்க" என்று என் மனைவி போட்டோ எடுத்து லட்சுமிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். இது என்ன என்று பதில் வந்தது.

"சவாசனம்னு போடுங்க" என்றாள். "அப்படியே, அடுத்த வருஷம் வரும்போது இன்னும் கொஞ்சம் அகலமா ஒண்ணு கொண்டுவரச் சொல்லுங்க."